சிவிங்கியின் புள்ளிகள்





இவ்வாரத் தியானத்திற்குரிய வேதபகுதிகள்: எரேமியா 13:23, எசேக்கியேல் 18:1-4, யோவான் 1:12, 13.

இந்த வாரம் ஒரு பூனையைக் குறித்து எழுதப்போகிறேன். அதனோடுகூட, என் நாவினால் நான் செய்த ஒரு பிழையைக் குறித்தும் எழுதவேண்டியிருக்கிறது. இதில் வருகிற குடும்பத்தாரின் அனுமதியைப் பெற்றே எழுதுகிறேன். அவர்களுடைய பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். அவர்கள் யாரென்று ஊகித்து அறிய முயலவேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொள்ளுகிறேன்.

சில மாதங்களுக்கு முன்பு நம் சபையின் சகோதரி ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். பெங்களூரில் வேலைபார்க்கும் அவர்களுடைய மூத்த மகன், அழகைக் கண்டு ஆசைப்பட்டு, மிகுந்த விலைகொடுத்து ஒரு பூனைக்குட்டியை வாங்கியிருந்தான். ஓராண்டு முடிவதற்குள், அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டு அறைகளுக்குள் அதை வைத்துப் பராமரிக்க அவனால் இயலவில்லை. பெற்றோரிடம் கொண்டுவந்து விட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டான். “ஐயா, நம் சபையில் யாராவது இதை எடுத்துக்கொள்வார்களா என்று விசாரித்துச் சொல்லுங்கள். என்னால் முடியவில்லை” என்றார் சகோதரி. அந்த வாரத்திலேயே அவர்கள் இல்லத்திற்குச் சென்றேன்.

உள்ளே நுழைந்தவன் அலமாரியின் உச்சியைப் பார்த்து ஓரடி பின்வாங்கினேன். அங்கே ஒரு சிறுத்தைக்குட்டி படுத்திருந்தது என்றே எண்ணினேன். பொன்னிற உடல், அதன்மேல் கரும்பழுப்பு விளிம்புள்ள ரோஜா வடிவப் புள்ளிகள், வெளிர்ந்த வயிற்றிலும் புள்ளிகள், கண்ணோரங்களில் மை தீட்டினாற்போன்ற கோடுகள். ஜன்னல் வெளிச்சம் பட்ட இடத்தில் அதன் மயிர் பொற்பொடி தூவினாற்போல மின்னிற்று. அது ஓசையின்றிக் கீழே குதித்து, என் காலை உரசிக்கொண்டு, சமையலறைக்குப் போய், வாளித் தண்ணீருக்குள் முன்னங்காலை விட்டு அளையத் தொடங்கியது. பூனை தண்ணீருக்கு அஞ்சும் என்றே நான் அதுவரை நம்பியிருந்தேன்.

சகோதரி முறையீடுகளை வரிசையாகச் சொன்னார். குழாயைத் திருகித் திறந்துவிடுகிறது; அலமாரிக் கதவை இழுத்துத் திறக்கிறது; திரைச்சீலையில் ஏறிக் கிழிக்கிறது; விடியுமுன்னே வீடு அதிரக் கத்துகிறது; ஒருவரும் விளையாட்டுக் காட்டாவிட்டால் கையில் கிடைத்ததையெல்லாம் கீழே தள்ளுகிறது. “பார்ப்பதற்கு இராஜகுமாரி. குணமோ காட்டு மிருகம்” என்று முடித்தார்.

அப்பொழுது பள்ளிக்கூடம் விட்டு ஒரு சிறுவன் உள்ளே வந்தான். அந்தச் சகோதரியின் கணவருக்குத் தங்கை மகன், பதினான்கு வயது. பையைக் கீழே வைக்குமுன்னே பூனை பாய்ந்து அவன் தோளில் ஏறிக்கொண்டது. அவன் சுவரைக் காட்டினான். மாமாவின் ரம்பத்தை எடுத்துத் தானே பலகைகளை அறுத்து, பூனை ஏறிச்செல்ல உத்திரம்வரைக்கும் படிப்படியாக ஆணியடித்திருந்தான். மாலைதோறும் கழுத்துப்பட்டையும் கயிறும் மாட்டி மொட்டைமாடியில் நடத்திச் செல்லுகிறானாம். “திரைச்சீலையில் ஏறுவது இப்பொழுது குறைந்துவிட்டது அத்தை” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினான்.

“இது காட்டுப்பூனை இல்லை ஐயா. வீட்டுப்பூனைதான். பார்ப்பதற்குத்தான் அப்படி.”

“பெயர் என்ன தம்பி?” என்று கேட்டேன்.

“சிவிங்கி.”

நம் பழைய வேதாகம மொழிபெயர்ப்பில் சிறுத்தைக்கு வழங்கும் சொல் அது. இக்காலத்துப் பிள்ளைகள் அறியாத சொல். மகிழ்ச்சியோடே, “எங்கே படித்தாய்?” என்றேன்.

“படிக்கவில்லை ஐயா. நீங்கள் இந்த அறையில் உட்கார்ந்து சொன்னீர்கள். நான் மாடிப்படியில் இருந்தேன்.”

அவன் குரலில் கோபமில்லை. சகோதரி தலைகுனிந்து என் காபித் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

என் நினைவு மூன்று ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றது. அச்சிறுவனின் தாய் இறந்துபோனபின் இக்குடும்பத்தார் அவனைத் தங்கள் வீட்டில் ஏற்றுக்கொண்டார்கள். தகப்பன் குடிவெறியிலும் அடிதடியிலும் சிக்கிச் சிறைக்குப் போய் வந்தவர். பிறகு பிள்ளையைத் தேடி வரவேயில்லை. வந்த ஆண்டிலேயே பையன் பள்ளியில் ஜன்னல் கண்ணாடியை உடைத்தான். ஞாயிறு பள்ளியில் இன்னொரு பிள்ளையின் உதடு கிழியும்படி அடித்தான். இரண்டு முறை இரவில் வீட்டைவிட்டு ஓடினான். என்ன செய்வது என்று அவர்கள் என்னிடம் ஆலோசனை கேட்டார்கள். நான் அதே அறையில் அமர்ந்து, ஒரு விடுதியில் சேர்த்துவிடுவதே நல்லது என்று சொன்னேன். சொன்னதோடு நில்லாமல், எரேமியாவின் வாக்கியத்தையும் துணைக்கு அழைத்தேன். சிவிங்கி தன் புள்ளிகளை மாற்றிக்கொள்ளாதென்று வேதமே கேட்கிறதல்லவா, தகப்பனின் இரத்தம் பிள்ளையில் பேசத்தானே செய்யும் என்றேன்.

அவர்கள் என் ஆலோசனையைக் கேட்கவில்லை. பையனைத் தங்களோடே வைத்துக்கொண்டார்கள். அதற்காகத் தேவனை ஸ்தோத்திரிக்கிறேன். ஆனால் என் சொல்லோ மாடிப்படியில் ஏறி ஒரு பதினொரு வயதுப் பிள்ளையின் காதில் விழுந்து, மூன்று ஆண்டுகள் அங்கேயே குடியிருந்திருக்கிறது.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அந்தப் பூனையைக் குறித்தும் அந்த வசனத்தைக் குறித்தும் ஒருங்கே படிக்கத் தொடங்கினேன்.

அதற்குப் பெங்கால் பூனை என்று பெயர். அதன் வரலாறு அமெரிக்காவில் தொடங்குகிறது. ஜீன் மில் என்னும் பெண்மணி 1963-ஆம் ஆண்டில் ஓர் ஆசியச் சிறுத்தைப்பூனையையும் ஒரு வீட்டுப்பூனையையும் இணைசேர்த்துக் குட்டி பெற்றார். சிறுத்தைப்பூனை நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் வாழ்கிற உயிர், ஏறக்குறைய வீட்டுப்பூனை அளவே இருக்கும், இரவில் இரைதேடும், மனிதரை விட்டு விலகியே வாழும். அதன் அறிவியல் பெயரில் உள்ள ‘பெங்காலென்சிஸ்’ என்னும் சொல்லிலிருந்தே இப்பூனை இனத்தின் பெயர் வந்தது. ஜீன் மில்லின் கணவர் மரித்ததால் அம்முயற்சி தடைப்பட்டுப் பல ஆண்டுகள் நின்றுபோயிற்று. பின்பு, பூனைகளைத் தாக்கும் இரத்தப் புற்றுநோயை ஆராய்ந்துகொண்டிருந்த வில்லார்ட் சென்டர்வால் என்னும் அறிஞர் தம் ஆராய்ச்சிக்காக உண்டாக்கிய கலப்புக் குட்டிகளில் சில அவர் கைக்கு வந்தன. அவற்றைக்கொண்டு 1980-களின் தொடக்கத்தில் அவர் மீண்டும் தொடங்கினார். 1991-ஆம் ஆண்டில் சர்வதேசப் பூனைச் சங்கம் இவ்வினத்தைச் சாம்பியன் போட்டிக்குத் தகுதியுள்ளதாக ஏற்றுக்கொண்டது.

இவ்வேலை பொறுமையின் வேலை. முதல் தலைமுறைக் குட்டிகளில் பாதி காடு. அவை அச்சமும் வெருட்சியும் உள்ளவை. வீட்டு வாழ்வுக்கு எளிதில் இசையாதவை. அவற்றுள் ஆண்பூனைகள் மலடாயிருக்கும். ஒவ்வொரு தலைமுறையிலும் வீட்டுப்பூனைகளோடே இணைசேர்த்து, சாந்தமானவற்றைத் தெரிந்தெடுத்து வளர்த்தார்கள். நான்காம் தலைமுறை முதற்கொண்டே அதை வீட்டில் வளர்க்கத்தக்க பூனையாகக் கருதுவது வழக்கம். கணக்குப்படி அப்பொழுது காட்டின் பங்கு பதினாறில் ஒன்றாகக் குறைந்திருக்கும்.

உண்மையில் எவ்வளவு இருக்கிறது? 2024-ஆம் ஆண்டில் ‘கரண்ட் பயாலஜி’ என்னும் அறிவியல் இதழில் வெளிவந்த ஆய்வொன்றில் 947 பூனைகளின் மரபணுக்களை ஆராய்ந்திருக்கிறார்கள். பெங்கால் பூனைகளில் சிறுத்தைப்பூனையிடமிருந்து வந்த பங்கு சராசரியாக 3.48 விழுக்காடு மட்டுமே. அதைவிட என்னை நிறுத்தி யோசிக்கவைத்தது வேறொன்று. நிறத்தின் சில சாயல்கள் காட்டிலிருந்து வந்தவை என்பது மெய். ஆனால் வளர்ப்போர் ஆசையோடு தெரிந்தெடுத்த தோற்றப் பண்புகள் பல வீட்டுப்பூனையின் மரபணுக்களிலிருந்தே வந்திருக்கின்றன. சிறுத்தை என்று நான் கண்டு அஞ்சியதில் பெரும்பகுதி வீட்டுப்பூனையே!

ஜன்னலோரத்தில் நான் கண்ட அந்தப் பொன்மினுக்கமும் காட்டின் கொடையன்று. அதன் காரணம் வீட்டுப்பூனையின் மரபணுவிலேயே இருப்பதாக அந்த ஆய்வு காட்டுகிறது. பூனை வளர்ப்போர் அதன் ஊற்றாகச் சொல்லுவது நம் நாட்டுப் பூனை ஒன்றை. ஜீன் மில் இந்தியாவுக்கு வந்திருந்தபோது, டெல்லி உயிரியல் பூங்காவில் காண்டாமிருகக் கொட்டிலின் அருகே ஓர் ஆதரவற்ற புள்ளிப் பூனைக்குட்டியைக் கண்டு, அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். ‘டோரி ஆஃப் டெல்லி’ என்று அதற்குப் பெயரிட்டார்கள். இன்று பெருவிலை கொடுத்து வாங்கப்படும் அந்த மினுக்கம், ஒருவரும் விலைபேசாத ஒரு தெருக்குட்டியின் வழியாய் வந்தது என்கிறார்கள்.

பிரியமானவர்களே, மனிதரைப் பூனைகளோடு ஒப்பிடுவதற்கு எல்லை உண்டு என்பதை அறிவேன். ஒரு பிள்ளையின் மதிப்பு எத்தனை விழுக்காடு என்று அளந்து அறியத்தக்கதன்று. தேவசாயலாகப் படைக்கப்பட்டவனை மரபணுக் கணக்கினால் நான் நியாயப்படுத்தவும் வேண்டியதில்லை. ஆனாலும், ஒரு பூனையின் புள்ளிகளையே சரியாய் வாசிக்கத் தெரியாத நான், ஒரு பிள்ளையின் இருதயத்தை வாசித்துவிட்டதாக எண்ணித் தீர்ப்புச் சொன்னேனே என்னும் வெட்கம் என்னைப் பிடித்துக்கொண்டது.

பின்பு வேதாகமத்தை எடுத்து எரேமியா 13-ஆம் அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்தேன். எத்தனையோ முறை பிரசங்கித்த பகுதி. அன்றுதான் இரண்டு காரியங்கள் என் கண்ணில் பட்டன.

முதலாவது, அந்தக் கேள்வி அந்நியனைக் குறித்துக் கேட்கப்பட்டதன்று. கர்த்தருடைய சொந்த ஜனமாகிய யூதாவையும் எருசலேமையும் நோக்கியே கேட்கப்பட்டது. தீர்க்கதரிசி ‘அவன்’ என்று ஒருவனைச் சுட்டிப் பேசவில்லை. ‘நீங்கள்’ என்று முன்னே நிற்கிறவர்களை நோக்கிப் பேசுகிறார். ஆலயத்துக்கு வருகிறவர்களுக்கு எழுதப்பட்ட கடிதத்தை நான் வாங்கி, உறையின்மேல் ஓர் அநாதைப் பிள்ளையின் விலாசத்தை எழுதிவிட்டேன்.

இரண்டாவது, அவ்வசனம் இரத்தத்தைக் குறித்துப் பேசவேயில்லை. தீமை செய்து செய்து பழகிப்போன பழக்கத்தைக் குறித்தே பேசுகிறது. ‘தகப்பனின் இரத்தம்’ என்பதை நானே சேர்த்துக்கொண்டேன். அது வேதத்தின் சொல்லன்று. நம் ஊர்த் திண்ணைகளின் சொல்.

இரத்தத்தைக் குறித்து வேதம் சொல்லுகிறது வேறு. பிதாக்கள் புளித்த திராட்சக்காயைத் தின்றதினால் பிள்ளைகளின் பற்கள் கூசிப்போயின என்னும் பழமொழி இஸ்ரவேலில் வழங்கிவந்தது. எசேக்கியேல் 18-ஆம் அதிகாரத்தில், அப்பழமொழி இனி வழங்கக்கூடாது என்று கர்த்தர் தம்முடைய ஜீவனைக்கொண்டு ஆணையிடுகிறார். தகப்பனின் ஆத்துமாவும் பிள்ளையின் ஆத்துமாவும் இரண்டும் தம்முடையவை என்கிறார். சிவிங்கியைக் குறித்துக் கேட்ட அதே எரேமியாவும் 31-ஆம் அதிகாரத்தில் அப்பழமொழியைத் தள்ளிவிட்டு, உடனே புதிய உடன்படிக்கையை அறிவிக்கிறார். சிவிங்கி தன் புள்ளியை மாற்றமாட்டாதாயிருக்கலாம். ஆனால் இருதயத்தில் எழுதுகிறவர் ஒருவர் இருக்கிறார் என்பதே அத்தீர்க்கதரிசியின் செய்தி. யோவான் எழுதின சுவிசேஷத்தின் தொடக்கத்திலோ, தேவனுடைய பிள்ளைகள் இரத்தத்தினால் பிறக்கிறதில்லை என்று தெளிவாகவே சொல்லப்பட்டிருக்கிறது. நம்முடைய ஆண்டவரின் வம்ச அட்டவணையில் தாமாரும் ராகாபும் ரூத்தும் உரியாவின் மனைவியாயிருந்தவளும் மறைக்கப்படாமல் நிற்கிறார்கள். இவையெல்லாம் எனக்குத் தெரிந்தவையே. அந்த அறையில் மட்டும் மறந்துபோயின.

மறுநாள் மாலை மீண்டும் அந்த இல்லத்திற்குச் சென்றேன். பையன் மொட்டைமாடியில் பூனையோடு இருந்தான். அவனருகே அமர்ந்து, “தம்பி, அன்றைக்கு நான் சொன்னது தவறு. வேதவசனத்தையும் தவறாய்ச் சொன்னேன். உன்னைக் குறித்தும் தவறாய்ச் சொன்னேன். என்னை மன்னிக்கவேண்டும்” என்றேன்.

அவன் சற்றுநேரம் பேசவில்லை. கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டும் அவிழ்த்துக்கொண்டும் இருந்தான். பிறகு, “நீங்கள் அப்படிச் சொன்னபிறகு அத்தை அழுதார்கள் ஐயா. ஆனால் அன்றிரவு எனக்குச் சோறு போட்டபோது ஒன்றும் சொல்லவில்லை” என்றான். “சரி ஐயா” என்று சொல்லிவிட்டுப் பூனைக்குத் தண்ணீர்த் தொட்டியை நிரப்பப் போனான். அவ்வளவுதான். கண்ணீரும் இல்லை, தழுவலும் இல்லை. அந்த ‘சரி’ என்பதை மன்னிப்பு என்று நானே முடிவுசெய்துகொள்ளவும் எனக்கு உரிமையில்லை. ஆனால் இதை எழுத அனுமதி கேட்டபோது அவன் தலையசைத்து, ஒரே ஒரு நிபந்தனை வைத்தான். “பூனையின் பெயரை மட்டும் மாற்றிவிடாதீர்கள் ஐயா.”

அந்தப் பூனையை யாருக்கும் கொடுக்கவில்லை. “விடியுமுன்னே கத்துகிறதா?” என்று சகோதரியிடம் கேட்டேன். “கத்துகிறது. நானும் அந்நேரம் எழுந்து ஜெபிக்கப் பழகிக்கொண்டேன்” என்றார். பையனிடத்திலும் எல்லாம் சீராகிவிடவில்லை. சென்ற மாதமும் பள்ளியிலிருந்து ஒரு முறையீடு வந்தது. அவனுடைய மாமா விடுப்பு எடுத்துக்கொண்டு போய்த் தலைமையாசிரியர் முன்பாக அவனோடேகூட நின்றார்.

இக்கட்டுரையை வாசித்துவிட்டு யாரும் இவ்வகைப் பூனையை வாங்க ஓடவேண்டாம் என்றும் சொல்லிவைக்கிறேன். அதன் துள்ளலுக்கு உயரமும் ஓட்டமும் நாள்தோறும் மனிதரின் நேரமும் வேண்டும். காட்டிலுள்ள சிறுத்தைப்பூனையோ நம் நாட்டுச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பது. அதன் இடம் காடு. தோற்றத்திற்காக ஆசைப்பட்டு வாங்கி, இயல்புக்காக வெறுத்துத் தள்ளிவிடுவது எந்த உயிருக்கும் நாம் செய்யத்தகாத காரியம்.

இவ்வாரம் உங்களை ஒன்று கேட்டுக்கொள்ளுகிறேன். உங்கள் குடும்பத்திலோ, தெருவிலோ, நம் ஆலயத்தின் கடைசி வரிசையிலோ, ‘அவன் இரத்தம் அப்படி’, ‘அந்த வீட்டுப் பிள்ளை அப்படித்தான்’ என்று நாம் முடிவுகட்டி வைத்திருக்கிற ஒருவர் இருக்கக்கூடும். அந்தச் சொல் அவர் காதுவரைக்கும் போயிருக்கும் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். மாடிப்படியில் எப்பொழுதும் ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. கூடுமானால் அவரிடத்திற்குச் சென்று சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். கூடாவிட்டால், சுவரில் ஒரு பலகையாவது அடித்துக்கொடுங்கள். ஏறிவர ஒரு படி தேவைப்படுகிறவர்கள் நம் நடுவில் அநேகர்.

ஜெபம்: எங்கள் இருதயங்களை அறிந்திருக்கிற பிதாவே, உம்முடைய வார்த்தையை எடுத்து எளியவர்மேல் கல்லாக எறிந்த பாவத்தை எங்களுக்கு மன்னியும். எங்கள் நாவினால் காயப்பட்ட பிள்ளைகளை நீரே ஆற்றித் தேற்றும். பிறர் பிள்ளைகளைத் தங்கள் பிள்ளைகளாய் ஏற்றுக்கொண்டு, களைத்தும் கைவிடாதிருக்கிற குடும்பங்களைப் பலப்படுத்தும். எங்கள் பிறப்பினால் அல்ல, உமது கிருபையினாலே நாங்கள் உம்முடைய வீட்டார் ஆனோம் என்பதை நாள்தோறும் நினைப்பூட்டும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.